குருமடத்தில் பாட்டுப் பயிற்சி யாருக்காக?

பங்குக் கோயிலில் பாடகர் குழு நடத்துவதும், குருக்களாகப் போகிறவர்கள் தங்கிப் படிக்கிற குருமடத்தில் நடத்துவதும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல குரல் உள்ள பதினைந்து, இருபது பிரதர்களை, அதாவது குருமாணவர்களைப் பொறுக்கி எடுப்பது, கீபோர்டு தெரிந்த ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பது, வருகிற ஞாயிறுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் பாட்டுகளைப் பழக்குவது. மற்ற பிரதர்கள் பெஞ்சில் இருந்து கேட்டுக்கொண்டால் போதும். பர்மாவில் குருமாணவர்களுக்குப் பாட்டும் குரல் பயிற்சியும் கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி நடத்தினால் திருவிழா நன்றாகவே நடக்கும். ஆனால் அந்தக் குருமடத்திலிருந்து பாடத் தெரியாத குருக்கள்தான் வெளியே போவார்கள்.

பங்கில் இன்று பாடுகிறவர் இருபது வருடம் கழித்தும் அதே இடத்தில் நின்று பாடுவார். குருமடத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. எல்லாரும் போய்விடுவார்கள். சின் மலையில் ஒரு கிராமம், காயா பக்கம் ஒரு மூங்கில் கோயில், ஐராவதி டெல்டாவில் படகில் போய்ச் சேர வேண்டிய ஒரு கிளைப்பங்கு. கீபோர்டு இருக்கும் இடத்தில் மின்சாரம் இருக்காது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண்டலே, சகாய்ங் பக்கம் மக்கள் கட்டடத்துக்குள் போகவே பயந்தார்கள். வெட்டவெளியில், தார்ப்பாய்க்குக் கீழேதான் கூடினார்கள். அந்த மாதிரி இடத்தில் பாட்டை எடுத்துக்கொடுக்க வேண்டியவர் பூசை வைக்கிற சாமிதான். அவர் எடுத்தால் சனம் பாடும். அவருக்கு எடுக்கத் தெரியாவிட்டால் எல்லாம் வாசிப்பாகவே முடிந்துவிடும். குருமடத்துப் பாட்டுப் பயிற்சி நாளைக்கு அங்கே போய் நிற்கப்போகிற இந்தச் சாமிக்காக நடக்க வேண்டும்.

இதைத் திருச்சபை ரொம்ப நாளாகவே சொல்லி வருகிறது. 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளில், பத்தாம் பயஸ் திருத்தந்தை திருவழிபாட்டு இசை பற்றி எழுதியபோதே குருமடங்களில் பாட்டைக் கவனித்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தின் 115-ஆம் எண், குருமடங்களில் இசைக் கல்விக்கும் பயிற்சிக்கும் பெரிய முக்கியத்துவம் கொடுக்கக் கேட்கிறது. அதைத் தொடர்ந்து 1967 மார்ச் 5 அன்று வந்த திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, எதை முதலில் பாட வேண்டும் என்பதையே வரிசைப்படுத்திக் காட்டுகிறது. குருவோ, அவருக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டரோ பாட, மக்கள் பதில் பாடுகிற பகுதிகள்தான் அதில் முதலில் வருகின்றன. குருவும் மக்களும் சேர்ந்து பாடுகிறவையும் அந்த முதல் இடத்திலேயே இருக்கின்றன. குழு மட்டும் பாடுகிற பகுதிகள் அதற்கப்புறம்தான்.

நம் ஊரில் இது அப்படியே தலைகீழாக இருக்கிறது. வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நற்கருணைப் பாடல் மூன்றையும் ஒரு வாரம் முழுக்க ஒத்திகை பார்ப்பார்கள். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று பாடிப் பழக ஒரு நிமிடம்கூட ஒதுக்க மாட்டார்கள். அது பிரசங்கம் மாதிரி தானாக வந்துவிடும் என்று நினைப்பு. வராது. நற்கருணை மன்றாட்டின் தொடக்கவுரையைப் பாட வேண்டிய சாமி, பயத்தில் மேல் சுரத்தில் பிடித்துவிடுவார். சனம் எட்ட முடியாமல் முணுமுணுக்கும். அடுத்த ஞாயிறு அவர் அதை வாசித்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் அதைப் பாடப்போவதில்லை. பாட முடியாத குரு கடினமான பகுதிகளைத் தெளிவாக உரக்க வாசிக்கலாம் என்று அதே 1967 அறிவுரை இடம் கொடுக்கிறது. ஆனால் வசதிக்காக மட்டும் அப்படிச் செய்யக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

அதனால் என் பயிற்சி வகுப்பு எப்போதும் குரு பாட, சனம் பதில் பாடுகிற இந்த உரையாடலில்தான் தொடங்கும். ஒரு பிரதர் எழுந்து நிற்பார். கையில், தட்டினால் ஒரே சுரம் ஒலிக்கிற ட்யூனிங் ஃபோர்க் மட்டும். முழங்கையில் தட்டி, காதோரம் வைத்து, அது தருகிற, 'டோ ரே மி' வரிசையின் 'லா'வைக் கேட்டு, தன் சுரத்தை மனசுக்குள் பிடித்து, ஒரு மூச்சு எடுத்து, பாட வேண்டும். மற்ற எல்லாரும் சனமாகப் பதில் பாடுவார்கள். சொற்கள் ஒரே சுரத்தில் ஓடுகிற இடத்தை 'சோல்', 'லா' பக்கம் வைத்தால் ஆண், பெண், பிள்ளைகள் எல்லாருக்கும் எட்டும். அடுத்த வகுப்பில் வேறொருவர். முதல் சில தடவை கை நடுங்கும். குரல் பிசிறும். பரவாயில்லை, குருமடத்துக்குள்ளேயே நடுங்கட்டும், இங்கே இருப்பவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பிகள்தான். ரங்கூனில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் ட்யூனிங் ஃபோர்க் பழக்கம் வேறு விதத்திலும் உதவுகிறது; கீபோர்டு நடுப்பாட்டில் நின்றாலும் பாட்டு நிற்பதில்லை.

"சயா (வாத்தியாரே), எனக்குப் பாட வராது" என்று ஒதுங்குகிற பிரதர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார். பெரும்பாலும் சிறு வயதில் யாரோ ஒருவர் "நீ சும்மா வாயை மட்டும் அசை" என்று சொல்லியிருப்பார். இவர்களைத்தான் நான் முதலில் தேடுவேன், ஏனென்றால் இவர்களும் குருக்களாகப் போகிறவர்கள். சுரத்தைக் கேட்டுப் பிரித்தறியவே முடியாதவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குக் காது நன்றாக இருக்கிறது, காதில் விழுந்ததைக் குரலில் எடுக்கும் பழக்கம்தான் இல்லை. நான் ஒரு சுரத்தைக் கொடுத்து "இதைப் பாடு" என்று கேட்க மாட்டேன். அவரையே ஏதாவது ஒரு சத்தம் எடுக்கச் சொல்வேன். தூரத்தில் போகிற நண்பனைக் கூப்பிடுகிற மாதிரி "ஓ..." என்று. அவர் எடுத்த சுரத்துக்கு நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். இரண்டு குரலும் ஒன்றாகிறபோது காதுக்குள் ஒரு நிறைவு வரும். அது அவருக்குப் புதிது. அதைக் கேட்டு முகம் மாறும். அப்புறம் நான் அரைச் சுரம் மேலே போவேன், அவர் கூடவே வருவார். பத்து நிமிடத்துக்கு மேல் இதைச் செய்யக் கூடாது, களைத்துவிடுவார். சில வாரங்களில் ஐந்தாறு சுரங்கள் கைவசமாகிவிடும். பூசையில் குரு பாட வேண்டிய பெரும்பாலான பகுதிகளுக்கு அந்த ஐந்தாறு சுரங்களே போதும். இதை அவரிடம் சொன்னால் நம்ப மாட்டார், ஏட்டில் விரல் வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

சரி, இனி குரலுக்கு வருவோம். நான் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இளைஞர்கள் சேர்ந்து பாடினால் கத்துவார்கள். அது உற்சாகம், தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பத்து வருடம் குருமடத்தில் கத்திப் பழகிய தொண்டை, பிறகு ஞாயிறுக்கு மூன்று பூசை, பிரசங்கம், மறைக்கல்வி, அடக்கச் சடங்கு என்று நாற்பது வருடம் உழைக்க வேண்டும். மைக்கை நம்பிப் பயனில்லை. ஆண் குரல் 220 ஹெர்ட்ஸ் 'லா'வில் ஒரு சுரத்தை நீட்டினால், அந்த ஒரு நொடிக்குள் இரண்டு குரல்நாண்களும் 220 தடவை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. மெதுவாக மோதுவதும் அடித்து மோதுவதும் ஒன்றாகாது. அடித்து மோதினால் நாண்களின் நடுப்பக்கம் வீங்கும், நாளாக நாளாக அங்கே சிறு கட்டிகள் உருவாகும், குரலில் நிரந்தரமாகக் கரகரப்பு ஏறிவிடும். பாடகர்களிடமும் ஆசிரியர்களிடமும் பிரசங்கிகளிடமும் டாக்டர்கள் அதிகம் பார்க்கிற கோளாறு இது.

ஒத்திகையில் கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மேல் சுரம் வரும்போது யாருடைய மோவாய் மேலே தூக்குகிறது, கழுத்து நரம்பு யாருக்குப் புடைக்கிறது, தோள் யாருக்குக் காது வரைக்கும் ஏறுகிறது என்று பாருங்கள். அவர் அந்தச் சுரத்தைத் தொண்டையால் தள்ளிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் அவர் தவறான குரல் பகுதியில் நிற்கிறார். ஆண்களில் நிறையப் பேருக்கு நடுக்குரல்தான். நான்கு குரல் பாட்டுக்கு டெனர் என்கிற ஆண் மேல்குரலுக்கு ஆள் போதவில்லை என்று நடுக்குரல்காரரை அங்கே தள்ளிவிடுகிறார்கள், அவரும் சயா சொன்னாரே என்று கத்திச் சமாளிக்கிறார். டெனர் இல்லையென்றால் பாட்டை மூன்று குரலாக்குங்கள், அல்லது ஒரே குரலில் பாடுங்கள். திருச்சபையின் பழைய இலத்தீன் பாட்டான கிரகோரியன் பாடல் முழுவதும் ஒரே குரல்தான், அதில் என்ன குறைந்துபோயிற்று? பெண் குரலுக்காக நான்கு கட்டைச் சுருதியில் பதிவான பாட்டை யூடியூபில் கேட்டு அதே சுருதியில் ஆண்கள் கூட்டம் பாடுவதும் இப்படித்தான். இரண்டு கட்டைக்கு இறக்கினால் பாட்டின் அழகு போகாது.

விடியற்காலைக்கு இன்னும் இறக்க வேண்டும். தூங்கி எழுந்ததும் குரல்நாண்கள் கொஞ்சம் தடித்திருக்கும், குரல் அடியில் இருக்கும். காலைப் புகழ் செபத்தை முந்தின நாள் மாலைச் சுருதியில் தொடங்கினால் எல்லாருக்கும் தொண்டை கட்டும். கோயிலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், அறையிலேயே வாயை மூடிக்கொண்டு மெல்ல ஓர் 'உம்' இழுப்பு, உதடு துடிக்க ஒரு 'புர்ர்'. முடிந்தால் ஸ்ட்ராவைத் தண்ணீரில் வைத்து ஊதிக்கொண்டே மெதுவாகச் சுரம் ஏற்றி இறக்கலாம். நாண்கள் அடிபடாமல் விழித்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. சிரிப்பு வரும், செய்யட்டும்.

பள்ளி வயதுப் பையன்கள் இருக்கிற சிறிய குருமடத்தில் பாட்டு நடத்துகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது குரல் உடைகிற பையன்களை. பன்னிரண்டு, பதிமூன்று வயதிலிருந்து குரல்வளை பெரிதாகிறது, நாண்கள் நீள்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. நேற்று தேவதூதன் மாதிரி பாடிய பையன் இன்று நடுப்பாட்டில் கிறீச்சென்று வழுக்கி, மற்றவர்கள் சிரிக்க, பாடுவதையே விட்டுவிடுகிறான். அவனைப் பாடச் சொல்லி மேல் சுரத்துக்கு விரட்டாதீர்கள், வெளியேயும் அனுப்பாதீர்கள். அந்த மாதம் அவனுக்கு எந்தச் சுரங்கள் சிரமமில்லாமல் வருகின்றனவோ அதற்குள் ஒரு வரி எழுதிக்கொடுங்கள். சிரிக்கிற மற்றவர்களுக்கும் அடுத்த வருடம் இதேதான் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் வெற்றிலை. பர்மாவில் இதைப் பேசாமல் குரலைப் பற்றிப் பேச முடியாது. தெரு முனைக்கு ஒரு குன்யா, அதாவது வெற்றிலைக் கடை. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, புகையிலை. படிக்கிற காலத்தில் தூக்கம் வராமலிருக்கப் போட ஆரம்பிக்கிற பையன்கள் உண்டு. புகையிலை மட்டும்தான் கெடுதல் என்று நினைத்து அதை நீக்கிப் போடுகிறவர்களும் உண்டு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டிலேயே உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பாடகருக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உள்தசை விறைத்து, வாய் திறக்கிற அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். விறைத்தது பழையபடி இளகுவது அரிது. நான் புதிதாக வருகிறவர்களிடம் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழையுமா என்று பார்க்கச் சொல்வேன். நுழையாவிட்டால் முதலில் பல் டாக்டர், பாட்டு அதற்கப்புறம். வாய் திறக்காதவரிடம் 'ஆ' எங்கிருந்து வரும்? விரல் நுழையாத பிரதரைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தொண்டை கட்டினால் பனங்கற்கண்டும் மிளகும் வாயில் போட்டுக்கொண்டு பாடிவிடலாம் என்கிற நம்பிக்கை தமிழர்களிடம் அசைக்க முடியாதது. இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாய் வழியே போகிறது. குரல்நாண் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. கற்கண்டு அதைத் தொடுவதே இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும், பேச்சைக் குறைப்பதும், இரவு எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டு உடனே படுக்காமல் இருப்பதும்தான் மருந்து. குசுகுசுவென்று பேசுவதால் குரலுக்கு ஓய்வு கிடைக்காது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், அதுவும் புகை, வெற்றிலைப் பழக்கம் உள்ளவர் என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. குருமட அதிபர் சாமிமார்களிடம் நான் கேட்பதும் இதைத்தான்: கால் சுளுக்கினால் விளையாட விடாத நீங்கள், குரல் கட்டிய பிரதரைத் திருவிழாப் பாட்டுக்கு நிறுத்தாதீர்கள்.

மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒத்திகை என்றால், மழை வலுக்கிற நேரத்தில் பாட்டை நிறுத்திவிடுவேன். மழையை மிஞ்சிப் பாட முயல்வதுதான் தொண்டைக்கு வைக்கிற மோசமான சோதனை. அந்த நேரத்தில் சொற்களைத் தாளத்தில் தட்டிப் பழகலாம், அல்லது பாட்டின் வரிகளைப் படித்துப் பொருள் பேசலாம்.

திருப்பாடல்களைச் சேர்ந்து சொல்லிச் செபிக்கிற திருப்புகழ்மாலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குருமடத்தில் தினமும் நடக்கிற பாட்டுப் பயிற்சி உண்மையில் அதுதான், ஆனால் யாரும் அதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒரு பக்கம் ஒரு அடி, மறுபக்கம் அடுத்த அடி. ஒவ்வொரு அடியின் நடுவிலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அங்கே நிறுத்த வேண்டும். பசியும் தூக்கமும் உள்ள இளைஞர்கள் அந்த நட்சத்திரத்தை மிதித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கம் முடிக்கும் முன்பே மறுபக்கம் தொடங்கிவிடும். கடைசியில் மூச்சு முட்ட "தந்தைக்கும் மகனுக்கும்" வரும். நான் செய்கிறது இது: நட்சத்திரம் வந்ததும் எல்லாரும் வாயை மூடி, மூக்கால் ஒரு முழு மூச்சு எடுக்க வேண்டும், அந்த மூச்சு முடியும் வரை யாரும் தொடங்கக் கூடாது. ஆனால் ஓர் அடி முடிந்து மறுபக்கம் தொடங்குகிற இடத்தில் இடைவெளி வேண்டாம், கைமாற்றிக் கொடுப்பது போல உடனே எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தம், முடிவில் தொடர்ச்சி. முதல் நாள் இது எல்லாருக்கும் எரிச்சலாக இருக்கும். ஒரு வாரத்தில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கேட்க ஆரம்பிப்பார்கள். யார் தனியாகத் துருத்துகிறார்களோ அவர் தானாகவே அடங்குவார். நான்கு குரலில் பாடுகிற எந்தக் குழுவுக்கும் தேவையான அத்தனையும் இந்த ஒரு பழக்கத்தில் வந்துவிடுகிறது, ஒரு தாள்கூட நகல் எடுக்காமல்.

மொழி இங்கே பெரிய விஷயம். பர்மாவின் பெரிய குருமடத்தில் கச்சின், கரேன், சின், காயா, ஷான் பிள்ளைகளோடு நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2017 நவம்பர் 29 அன்று ரங்கூன் கியாய்க்கசான் மைதானத்தில் பிரான்சிஸ் திருத்தந்தை நிறைவேற்றிய திருப்பலியில், விசுவாசிகள் மன்றாட்டு சொல்லப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. மலைப்பகுதிப் பிள்ளைகள் நிறையப் பேர் 'டோ ரே மி' எழுத்துகளை வைத்தே நான்கு குரலும் படித்துப் பாடுவார்கள். அவர்கள் ஊர்க் கோயில்களில் அந்த முறை நன்றாக வேரூன்றியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் காதால் கேட்டுப் பிடிக்கிற பழக்கம், கொஞ்சம் கர்நாடக சங்கீதத்துச் சரளி வரிசை. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது எளிது. 'டோ'வை எந்தச் சுருதியிலும் வைக்கலாம், 'ச'வையும் அப்படித்தான். கரேன் பிரதரையும் தமிழ்ப் பிரதரையும் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒருவர் மற்றவருக்கு வாத்தியாராகிவிடுவார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு தளம் வேண்டுமென்றால் எளிய இலத்தீன் பாடல்கள் கைகொடுக்கும். ஆறாம் பவுல் திருத்தந்தை 1974-இல் எளிய கிரகோரியன் பாடல்களைச் சிறு தொகுப்பாக்கி உலகத்து ஆயர்களுக்கு அனுப்பினார். அதிலுள்ளவை எந்த மொழிக்காரரும் ஓரிரு வகுப்பில் பிடிக்கக்கூடியவை. பிப்ரவரியில் ஞோங்லேபின் லூர்து அன்னை திருத்தலத்தில் எல்லா மறைமாவட்டத்துச் சனமும் கூடுகிறபோது இவை எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்ப் பாட்டு பாடுகிற பிரதர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வீட்டில் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். பர்மிய எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒரே ஒலியாகிவிடும், குறில் நெடிலும் மங்கிப்போகும். அதோடு மெட்டு இழுக்கிற இடத்தில் குறிலை நீட்டினால் 'வரம்' கேட்ட பக்தன் 'வாரம்' கேட்பான். நான் தாளில் நெடில் வருகிற ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே சிவப்பு மையில் ஒரு கோடு போடச் சொல்வேன். ழகரத்துக்கு ஒரு வட்டம். பாடுவதற்கு முன் அந்தத் தாளைச் சாதாரணப் பேச்சில் இரண்டு முறை வாசிக்க வேண்டும். வேளாங்கண்ணி நவநாளுக்கு வருகிற நம் பாட்டிமார்கள் சொல்லைத்தான் கேட்கிறார்கள். மூன்றாவது குரல் சேர்ந்ததா என்று அவர்கள் பார்ப்பதில்லை, "அந்தத் தம்பி பாடினது வெளங்குச்சு" என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கீபோர்டில் ரிதம் பேட் போட்டுச் சொல்லை மூடுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அது ஒத்திகையின் குறைகளை மறைக்கத்தான் பயன்படுகிறது.

புனித வாரத்துக்கு வருவோம். பர்மாவில் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் பல வருடங்களில் இதை ஒட்டியே வரும். 2022-லும் 2025-லும் புனித வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. விடுமுறை, கூட்டம், தெருவில் ஒலிபெருக்கி, ஒத்திகைக்கு நேரம் கிடைக்காது. குருத்து ஞாயிறிலிருந்து, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு நடக்கிற பாஸ்கா திருவிழிப்பு வரை அதே இருபது பேரை வைத்துப் பாட வைத்தால் சனிக்கிழமை இரவு ஒருவருக்கும் குரல் இருக்காது. அதனால்தான் ஆரம்பத்திலேயே எல்லாரையும் பாட வைத்திருக்க வேண்டும். வியாழன் ஒரு பாதி, வெள்ளி மறுபாதி. பெரிய வெள்ளி இயேசுவின் பாடுகளின் வரலாற்றை மூன்று குரல்களில் பாடுகிறவர்கள் அன்று வேறு எதையும் பாட வேண்டாம். வியாழன் பூசையின் 'உன்னதங்களிலே' கீதம் முடிந்ததிலிருந்து திருவிழிப்பின் 'உன்னதங்களிலே' வரை வாத்தியங்கள் பாட்டைத் தாங்க மட்டுமே என்பது விதி; ட்யூனிங் ஃபோர்க்கோடு பழகிய குழுவுக்கு அந்த நாள்கள் ஒரு சிரமமும் தராது.

திருவிழிப்பில் பாஸ்கா மெழுகுதிரி முன் பாடுகிற பாஸ்கா புகழுரையைத் தவக்காலத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொடுத்துவிடுவேன். முழுதாகப் பாடினால் ஏறக்குறைய பத்து நிமிடம், இருட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தனி ஆளாக. அது திருத்தொண்டருடைய பங்கு. பாடப்போகிற பிரதர் முதலில் தாளில் மிக உயர்ந்த சுரத்தையும் மிகத் தாழ்ந்த சுரத்தையும் வட்டமிட வேண்டும். தன் குரலில் உயர்ந்தது சிரமமில்லாமல் வருகிற இடத்தில் சுருதியை வைத்து, அந்தச் சுருதியைத் தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். பாதியில் சுருதி இறங்குவது எல்லாருக்கும் நடக்கும்; எந்த வரியில் இறங்குகிறது என்று பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொண்டே வந்தால், பெரும்பாலும் மூச்சு தவறிய வரிதான் அது என்று தெரியவரும். மூச்சு எடுக்கிற இடங்களைப் பென்சிலால் குறித்து, முழுப் பாட்டையும் ஒரே மூச்சாகப் பாடிப் பார்க்காமல், பகுதி பகுதியாக வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளட்டும். ஒரு தடவையாவது விளக்கை அணைத்துவிட்டு, கையில் திரியோடு, கோயிலில் நின்று பாடிப் பார்க்க வேண்டும். ரங்கூன் மரியன்னை பேராலயம் மாதிரி உயரமான செங்கல் கோயில் என்றால் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் வந்து விழும், வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மூங்கில் கோயில் என்றால் ஒலி உடனே செத்துவிடும், நீட்டி நிறுத்தினால் வெறுமையாக இருக்கும். இரண்டிலும் பாடிப் பழகியவர் எங்கேயும் சமாளிப்பார்.

கடைசி வருடத்துப் பிரதர்களுக்கு நான் குழுவையே கொடுத்துவிடுவேன். மாதம் ஒருவர், பாட்டுத் தேர்விலிருந்து ஒத்திகை வரை அவர் பொறுப்பு. நான் பின்பெஞ்சில் இருப்பேன், நடுவில் எழுந்து திருத்த மாட்டேன். அவர் எந்தச் சுருதியில் எடுத்தார், எத்தனை பேரைக் கண்ணால் பார்த்தார், பாடாமல் நின்ற பிரதரைக் கவனித்தாரா, சனம் பாட வேண்டிய வரியைக் குழு பறித்துக்கொண்டதா, இவ்வளவையும் குறித்து வைத்து, முடிந்ததும் அவரிடம் மட்டும் சொல்வேன். ட்யூனிங் ஃபோர்க்கை அவரே வாங்கிக்கொள்ள வேண்டும். குருப்பட்டம் பெற்று ஊருக்குப் போகிறபோது கொண்டுபோக அது அவருடையதாக இருக்கட்டும்.